கம்பி சாயுற படம்

செண்டாய், ஜப்பான்
6 மே 2001

அத்தை,

வந்து சேர்ந்ததுமே எழுதணும்னு நினைச்சேன். எழுதினா படிப்பீங்களான்னு தெரியல, அதான் தள்ளிப்போச்சு. ஞாயித்துக்கிழமை கீழ்வீட்டு ரஹீமுன்னிசா அக்கா போனுக்கு நான் பேசுறப்ப ஷாலு பக்கத்துல நீங்க நிக்கிறது தெரியுது. உங்க இருமல் கேக்குது. பாட்டிகிட்ட குடுன்னு சொன்னா, பாட்டி வேலையா கீதாம்னு சொல்லிட்டுச் சிரிக்கிறா. அவளுக்குப் பொய் சொல்ல வரல.

நீங்க ஏர்போர்ட்டுக்கு வராததைக் குறையா சொல்லல. அப்பன் இல்லாத கொயந்தைக்கு அம்மாவும் இல்லாம பண்ணிட்டுப் போறேன்னு சொன்னீங்க. அது சரியாக்கூட இருக்கலாம். ஆனா அன்பு இறந்துபோன பிறகு அவர் சட்டை மாட்டுற ஆணியைப் பார்த்துக்கிட்டு அந்த வீட்ல என்னால இருக்க முடியல. கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டு பக்கம் பஸ் போனாலே கண்ணை மூடிக்குவேன். பெத்த எனக்கு இல்லாத வலியா உனக்குன்னு நீங்க கேக்கலாம். உங்களால அங்கேயே இருக்க முடியுது. என்னால முடியல.

ரெண்டு வருஷ வேலை. முடிஞ்சதும் வந்துடுவேன்.

அம்மா அங்க என்ன பண்றான்னு ஷாலு கேட்டா இப்படிச் சொல்லுங்க. கம்ப்யூட்டர் சில்லு எல்லாம் செய்யிற பொருள்ல, தலைமுடியை விட ஆயிரம் மடங்கு மெல்லிசா கம்பி வளர்க்கிறாங்க. ஒரு தட்டு மேல நாத்து மாதிரி நட்டமா நிக்கும். சாதாரணக் கண்ணாடியில பார்த்தா தெரியாது. எலக்ட்ரானைப் பாய்ச்சிப் பார்க்கிற பெரிய மைக்ராஸ்கோப் இருக்கு. அதுல பார்த்து, அது எப்படி இருக்குன்னு சொல்றதுதான் அம்மா வேலை.

குழலி


வியாசர்பாடி
27 மே 2001

குயலிக்கு பட்டம்மாள் எய்துறது.

ஒன் கடுதாசி வந்துச்சி. கிழிச்சிப் போட்லாம்னுதான் பாத்தேன். ஷாலு ஸ்டாம்புல கீற கொக்கு வோணும்னு அழுதா. அத்தொட்டு பிரிச்சேன். பிரிச்சப்பறம் படிக்காம எப்டி வுட்றது.

போன்ல நான் பேச மாட்டேன். ரஹீமுன்னிசா வூட்ல எப்பவும் நாலு பேரு குந்திகினு டிவி பாத்துகினு கீறாங்கோ. அவங்க எதிர்ல ஒங்கிட்ட சண்டயும் போட முடியாது, அழவும் முடியாது. எதுனா சொல்லணும்னா எய்து. நான் அஞ்சாவது படிச்சவ, எய்த்துக் கூட்டிப் படிச்சிக்குவேன்.

ஆணியப் பத்தி எய்திகீற. இப்ப அதுல ஷாலுவோட ஸ்கூல் பை தொங்குது. நான் இன்னா பண்றது, வூட்ல வேற ஆணி இல்ல.

ராயபுரத்துல எறா கம்பெனி வேல எப்பவும் போலத்தான். ஐஸ் தண்ணில கை வெளுத்துப் பூட்டுது. ஜப்பானுக்குப் போற எறான்னா வால ஒடைக்காம உரிக்கணும்னு சூப்பர்வைசர் கத்துறான். ஒனுக்கு முன்னாடியே நான் உரிச்ச எறா அங்க போய்ச் சேந்துகீது. கடைல எறா கிட்ச்சா வாலப் பாரு. முழுசா இருந்தா நான் உரிச்சது.

அந்தக் கம்பி எதுக்கு ஒதவும்? வெளக்கு எரியுமா? ரெண்டு வருசம் எட்டிப் பாக்கறதுக்கு அதுல இன்னா கீது?

கொயந்தைக்கு ஜொரம் வந்துச்சி. சரியாப் பூட்ச்சி. சொன்னா நீ அங்கிருந்து அழுவன்னு சொல்லல.

பட்டம்மாள்


செண்டாய்
9 செப்டம்பர் 2001

அத்தை,

ஜுரம்னா உடனே சொல்லுங்க. அழுதா அழுதுட்டுப் போறேன்.

விளக்கு எரியும். ஒரு நாள் இந்தக் கம்பியிலேயே கண்ணுக்குத் தெரியாத விளக்கு, கண்ணுக்குத் தெரியாத ஸ்விட்சு எல்லாம் செய்வாங்க. அதுக்கு முன்னாடி, பக்கத்துப் பக்கத்துல நிக்கிற ரெண்டு கம்பி ஒண்ணை ஒண்ணு என்ன பண்ணுதுன்னு யாராவது பார்த்துச் சொல்லணும்.

போன வாரம் ஒண்ணு நடந்தது. தட்டு ஓரத்துல தனியா நின்ன ரெண்டு கம்பியைப் பெரிசாக்கிப் பார்த்துக்கிட்டிருந்தேன். எலக்ட்ரான் அந்த ஒரே இடத்துல பாய ஆரம்பிச்சதும் ரெண்டும் மெதுவா ஒண்ணு பக்கம் ஒண்ணு சாய்ஞ்சது. நுனியும் நுனியும் தொட்டு ஒட்டிக்கிச்சு. வேற ரெண்டைப் பார்த்தேன். அதுவும் சாய்ஞ்சது. எலக்ட்ரான் ஏறினா ரெண்டு கம்பியும் ஒரே மாதிரி மின்னூட்டம்தானே வாங்கும், ஒண்ணை ஒண்ணு தள்ளத்தானே வேணும்? இது இழுக்குது. ஏன்னு தெரியல.

கம்பிகளை உலையில வளர்க்கிறவர் திருமலைன்னு ஒருத்தர், கோவில்பட்டிப் பக்கம். இந்த லேப்ல நாங்க ரெண்டு பேர்தான் தமிழ். ஓடிப்போய் உங்க கம்பி நகருதுன்னு சொன்னேன். என் கம்பி நகராது, உங்க மெஷின்தான் ஆடுதுன்னார். அப்புறம் அவரே வந்து பார்த்துட்டுப் போனார். சாயங்காலம் எல்லாருக்கும் சுண்டல் செஞ்சு கொண்டு வந்தார். தோத்ததுக்கு அபராதமாம். உப்பு ஜாஸ்தி.

குழலி


வியாசர்பாடி
14 அக்டோபர் 2001

குயலி,

நீ எய்துனத ஷாலுக்குப் படிச்சிக் காட்டினேன். அவளும் எதிர்வூட்டுப் புள்ளயும் கம்பி வெளாட்டு ஆடுறாங்கோ. ரெண்டு பேரும் வெறப்பா நிக்கிறது, நான் உத்துப் பாக்கணுமாம், பாத்தா சாயுறாங்கோ. சோறாக்க வுட மாட்றா. பாரு பாட்டி பாருன்னு ஒரே பேஜாரு.

எனுக்கு ஒண்ணு தோணுது. நீ பாக்கறதாலதான் சாயுதோ? பாக்காதப்ப சொம்மா நிக்கிதோ இன்னாமோ. இல்ல ஒண்ணு மேல ஒண்ணுக்கு ஆசயோ. நீ படிச்சவ, ஒனுக்குத்தான் தெரியும்.

அந்தத் திருமல எத்தினி வயசுப் புள்ள? உப்பு ஜாஸ்தின்னு அவருகிட்டயே சொன்னியா? ஆம்பள ஒர்த்தரு ஆக்கிப் போட்டா வாய மூடிகினு துன்றதுதானே.

இங்க மழ. படிக்கட்டு பூரா தண்ணி. வாரிக் கொட்ட ஆளில்ல. அன்பு இருந்தா அவந்தான் மொதல்ல பக்கெட்ட எடுப்பான். கூட்ஸ் வண்டி பொட்டிக்கு நடுவுல பூந்து கொக்கி மாட்ற வேல வோணாம்னு அவங்கிட்ட சொன்னவதான் நான். கேக்கல. போட்டும்.

கம்பளிச் சட்ட போட்டுக்க.

பட்டம்மாள்


செண்டாய்
17 பிப்ரவரி 2002

அத்தை,

பனி இன்னும் விடல. ஜன்னல் பாதி மூடிடுச்சு.

நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்லணும். ஆமா, பார்க்கிறதாலதான் சாயுது. எலக்ட்ரானைப் பாய்ச்சாம விட்டா நட்டமா நிக்குது. ஆனா ஆசையெல்லாம் இல்ல, மின்சாரம். அதுக்கு அர்த்தம் எதுவும் கட்டாதீங்க. அது வெறும் கம்பி.

இங்க நிலைமை சரியில்ல. எங்க லேப் புரொபசர் நம்ப மாட்டேங்கிறார். எலக்ட்ரான் பாயுற இடத்துல கரி மாதிரி அழுக்கு படியும், ஒரு பக்கமா படிஞ்சா கம்பி வளையும், நீ பார்த்தது அதுதான்னு கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொன்னார். கம்பி வளர்க்கிறவரும் அவருக்கு ஒத்து ஊதினார். போன வருஷம் தன் கம்பியிலயும் கரி படிஞ்சதாம். என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம். கூட்டத்துல சொன்னார்.

வேலையில இப்படி நடக்கும்னு தெரியும். இருந்தாலும் அன்னிக்கு ரூமுக்கு வந்து உங்களுக்குப் போன் பண்ணணும் போல இருந்தது. நீங்க பேச மாட்டீங்களேன்னு பண்ணல. அது எனக்குக் கோவம்தான் அத்தை. அம்மா இல்லாதவ நான். அப்பா வேற கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போனதுலேர்ந்து நான் ஓடி வர்ற இடம் நீங்க ஒருத்தர்தான்.

ஷாலுவுக்கு ஸ்வெட்டர் அளவு அனுப்புங்க.

குழலி


வியாசர்பாடி
10 மார்ச் 2002

குயலி,

நெஞ்சு, கை எல்லாம் நூலு வச்சி அளந்து அனுப்பிகீறேன். ஒரு விரக்கட பெரிசாவே எடு, வளர்ற புள்ள.

போன வருசம் நீ எய்துன கடுதாசில திருமலன்னு பேரு வந்துச்சி. நீ போன்ல ஷாலுகிட்ட பேசுறப்பவும் திருமல மாமா இத்தச் சொன்னாரு, அத்தச் சொன்னாருன்னு வந்துகினே இருந்துச்சி. இப்ப பேரே காணோம். கம்பி வளர்க்கிறவருன்னு எய்திகீற. பேரு சொன்னா வாய் சுட்டுப்பூடுமா? கோவம்னா கோவம்னு எய்துவ. இது கோவம் மட்டும் இல்ல. நான் பாத்துகினுதான் கீறேன், கடுதாசிதானேன்னு நெனிக்காத.

இன்னா நடக்குது? எங்கிட்ட மறைக்காத.

நான் இதுக்கு மேல ஒண்ணியும் கேக்கல. கேட்டதே ஜாஸ்தி.

பட்டம்மாள்


செண்டாய்
19 மே 2002

அத்தை,

இந்தக் கடுதாசியை எழுதறதும் கிழிக்கிறதுமா இருந்தேன். இனிமே கிழிக்கல.

கூட்டத்துக்கு அப்புறம் நான் திருமலைகிட்ட பேசல. அவரும் வந்து சமாதானம் சொல்லல. ஒரு நாள் காலையில என் மேஜையில ஒரு சின்ன டப்பா இருந்தது. உள்ள புதுசா வளர்த்த கம்பித் தட்டு. ஒரு பாதியில உயரமான மெல்லிசுக் கம்பி, இன்னொரு பாதியில குட்டையான தடிச்ச கம்பி. அதை வளர்க்க அவர் தன் வேலையெல்லாம் தள்ளி வச்சிருந்தாராம். மூடியில எதுவும் எழுதல. கரியா மின்சாரமான்னு சோதிக்கத்தான் வளர்த்திருக்கார்னு எனக்கு அதைப் பார்த்ததுமே புரிஞ்சது.

கரி படிஞ்சுதான் வளையுதுன்னா வளைஞ்சது வளைஞ்சதுதான், நிமிராது. தடிச்ச கம்பிக்கு வில்லு மாதிரி விறைப்பு உண்டு. மின்னூட்டம்தான் இழுக்குதுன்னா, எலக்ட்ரானை நிறுத்தினதும் அது விட்டுட்டு நிமிரணும். ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். சாய்ஞ்சது, தொட்டது. நிறுத்திட்டு, அப்புறம் எலக்ட்ரானை ஒரு நொடி மட்டும் விட்டுப் பார்த்தா நட்டமா நிக்குது. திரும்பத் திரும்பப் பண்ணினோம், ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்தது. மெல்லிசுக் கம்பி மட்டும் தொட்டதும் அப்படியே ஒட்டிக்கும், அதுக்குப் பிரிய பலம் போதாது.

ஏன் இழுக்குதுங்கிறதும் இப்ப புரியுது. ரெண்டும் ஒரே அளவு மின்னூட்டம் வாங்கல. ஒண்ணு அதிகமா வாங்குது. தலை வாரின சீப்பு காகிதத் துண்டை இழுக்கிற மாதிரி அது மத்ததை இழுக்குது. புரொபசர் பார்த்துட்டு எழுந்து நின்னு தலை குனிஞ்சார். இங்க அதுக்கு மன்னிப்புன்னு அர்த்தம்.

அடுத்த வாரம் திருமலை என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியான்னு கேட்டார். ஷாலுவைப் பத்தி, அன்பைப் பத்தி எல்லாம் அவருக்குத் தெரியும். நான் மாட்டேன்னு சொல்லிட்டேன்.

சொல்லிட்டு ரூமுக்கு வந்து அழுதேன். ஏன் அழுதேன்னு உங்ககிட்டதான் கேக்க முடியும். வேற யார்கிட்ட கேப்பேன்?

குழலி


வியாசர்பாடி
9 ஜூன் 2002

குயலி,

படிச்சேன்.

எம் புள்ள செத்து மூணு வருசம்தான் ஆவுது. ஏன் அழுதேன்னு எங்கிட்ட கேக்குற. நான் யாருகிட்ட கேக்குறது?

நீ யாரக் கட்டிகினாலும் கட்டிக்க. ஷாலு எம் புள்ளயோட புள்ள. அவள நான் குடுக்க மாட்டேன். வேற தேசத்துக்கு இட்டுகினு போயி, வேற ஒர்த்தர அப்பான்னு கூப்பிட வச்சா, நான் இங்க யாருக்கு சோறாக்கறது?

அவங்க இன்னா ஆளுங்கன்னு நான் கேக்கல. நம்ம இன்னா ஆளுங்கன்னு அவங்களுக்குத் தெரிமா? அத மொதல்ல கேளு.

இனிமே எய்த வோணாம்.

பட்டம்மாள்


செண்டாய்
24 நவம்பர் 2002

அத்தை,

எழுத வேணாம்னு சொன்னீங்க, இத்தனை மாசம் எழுதல. போன்லயும் பாட்டியைப் பத்தி நான் கேட்டா மட்டும் ஷாலு பதில் சொல்லாம வேற பேசுறா. நீங்க சொல்லிக் குடுத்தீங்களா, அவளே புரிஞ்சிக்கிட்டாளா?

எனக்கு வருத்தம்தான். கேக்க ஆளில்லன்னு உங்ககிட்ட வந்தேன். கேட்டதுக்குத் தண்டனை குடுத்தீங்க. ஆனா உங்க கடுதாசியை நான் நிறைய தடவை படிச்சேன். யாருக்கு சோறாக்கறதுன்னு எழுதியிருந்தீங்களே, அங்க வந்ததும் என் கோவம் நின்னுடும்.

ஷாலுவை உங்ககிட்ட இருந்து பிடுங்க மாட்டேன். உங்களுக்குப் பிடிக்காத எதுவும் நடக்காது. திருமலைகிட்டயும் அதேதான் சொல்லியிருக்கேன். அவர் திரும்பக் கேக்கல. வேலையில எப்பவும் போல இருக்கார். நாங்க கண்டுபிடிச்சதைப் பத்தின கட்டுரை ஏத்துக்கிட்டாங்க, ரெண்டு பேர் பேரும் இருக்கு. அதனால என் வேலையையும் ரெண்டு வருஷத்துக்கு மேல நீட்டியிருக்காங்க.

டிசம்பர்ல அவர் ஊருக்குப் போறார். மெட்ராஸ் வழியாத்தான் போகணும். ஷாலுவோட ஸ்வெட்டரை அவர்கிட்ட குடுத்து அனுப்பறேன். தபால்ல போட்டா குளிர் முடிஞ்சுதான் வரும். வீட்டுக்கு வருவார். உள்ள கூப்பிடணும்னு இல்ல. வாசல்லயே வாங்கிக்கோங்க. அவரை ஒண்ணும் சொல்லாதீங்க, நல்ல மனுஷன்.

குழலி


வியாசர்பாடி
5 ஜனவரி 2003

குயலி,

பெரிய கடுதாசி இது. பொறுமயாப் படி.

அவரு ஞாயித்துக்கெயம மதியானம் வந்தாரு. ஷாலு கட்டிலுக்கு அடில பூந்துகினா. வாசல்லயே பையி வாங்கிகினு அனுப்பிட்லாம்னுதான் நின்னேன். மூணு மாடி ஏறி வந்து மூச்சு வாங்குது அந்தப் புள்ளைக்கு. தண்ணி குடுத்தேன். டீ போடல. ஜாதி, ஊரு ஒண்ணியும் கேக்கல. மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த பேசல.

அவரு செவுத்துல கீற அன்பு போட்டோவப் பாத்தாரு. பாத்து எய்ந்து நின்னுட்டாரு. "இவர் எப்படிப்பட்ட ஆளும்மா?"ன்னு கேட்டாரு. நான் ஒண்ணியும் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். பாடய தூக்குனப்பறம் அவனப் பத்தி யாரும் எங்கிட்ட கேட்டதில்ல. பேச்ச எட்த்தாலே, அழாத பட்டு, மறந்துடுன்னுதான் சொல்லுவாங்கோ. நான் சொன்னேன் குயலி. அவன் ஸ்கூலுக்கு ஓடாம பீச்சுக்கு ஓடுனது, ஒன்ன இட்டுகினு வந்து எனுக்கு முன்னாடி நின்னது, நீ படிக்கணும்னு எங்கிட்ட சண்ட போட்டது, எல்லாம். பாதில ஷாலு கட்டிலுக்கு அடிலேர்ந்து வந்து அவரு காலாண்ட குந்திகினா.

அப்பால அவ, அம்மா அங்க இன்னா பண்றாங்கன்னு கேட்டா. அவரு பையிலேர்ந்து ஒரு சிடி எட்த்தாரு. ரஹீமுன்னிசா வூட்லதான் அத்தப் போட்ற மிசின் கீது. கீய போனோம். படம் போட்றாங்கன்னு மாடிப்படி வரிக்கும் ஜனம் நின்னுச்சி. போட்டா, கறுப்பு வெள்ளைல ரெண்டு குச்சி நிக்கிது. பாட்டு இல்லியா, புல்லு மொளைக்கிற படமான்னு பசங்க கிண்டல் பண்ணானுங்கோ. அவரு பொறுமயா சொன்னாரு. அந்த ரெண்டு குச்சியும் சாஞ்சிச்சி. மெதுவா, கூச்சப்பட்டுகினு சாயற மாதிரி. தொட்டுச்சி. கொஞ்ச நேரம் ஒண்ணியும் தெரியல, அப்பால பாத்தா ரெண்டும் நிமிந்து தனித்தனியா நிக்கிது. கிண்டல் பண்ண பசங்க முன்னாடி வந்து குந்திகினானுங்கோ.

அப்பத்தான் கொரலு கேட்டுச்சி. டிவி பொட்டி மாதிரி ஒண்ணுல அது தெரியறத அவரு கேமராவுல புடிச்சிகீறாரு, நீ பக்கத்துல பேசுனதும் அதுல வந்துகீது. "இரு, இரு, அவசரப்படாத, இப்ப பாரு, விட்ருச்சு"ன்ற. சொல்லிட்டு சிரிச்ச.

நீ சிரிச்ச குயலி. கடகடன்னு, மூச்சு வாங்க. அன்பு இருந்தப்ப சிரிப்பியே, அந்தச் சிரிப்பு. அவன் செத்தப்பறம் நீ சிரிச்சி நான் கேக்கல. நீ சிரிக்காம கீறன்றதே அந்தச் சத்தத்தக் கேட்டப்பறம்தான் எனுக்கு ஒறச்சிச்சி. ஒரே வூட்ல ரெண்டு வருசம் கூடவே இருந்தவ நான். எனுக்குத் தெரியல.

ஷாலு அம்மான்னு கத்திகினு டிவியக் கட்டிப் புட்ச்சிகினா. மறுக்கா போடு, மறுக்கா போடுன்னு அழுதா. போட்டாங்கோ. நான் வெளிய வந்துட்டேன். மேல வந்து படிக்கட்டுலயே குந்திகினேன். நான் இருவத்திரெண்டு வயசுல ஒண்டியானவ. அப்ப ஒர்த்தரு கேட்டாரு, முகத்துவாரக்குப்பத்து ஆளு. கைக்கொயந்தய வச்சிகினு ஜனம் இன்னா சொல்லும்னு பயந்து வோணாம்னேன். அதுக்கு நான் வருத்தப்படல, பொய் சொல்ல மாட்டேன். ஆனா அப்பால எத்தினி வருசம் நான் சிரிக்காம இருந்தேன்னு யாரும் எண்ணிப் பாத்ததில்ல. நானே எண்ணிப் பாத்ததில்ல.

கீய எறங்கிப் போயி அவர இட்டுகினு வந்து டீ போட்டுக் குடுத்தேன். ஒரே ஒண்ணு கேட்டேன். "நம்ம இன்னா ஆளுங்கன்னு ஒங்க வூட்ல தெரிமா?" அவரு தல குனியல. "எல்லாம் சொல்லிட்டேம்மா. எங்கம்மா இப்ப எங்கிட்ட பேசுறதில்ல. நான்தான் பேசிக்கிட்டிருக்கேன்"னாரு. பேசிகினே இருந்தா ஒரு நாளு பதிலு வரும்னு சொன்னேன். ஒனுக்கு எங்கிட்டேர்ந்து வந்துகீது இல்ல.

நீ என்னக் கேட்டு எய்திருந்தியே, ஏன் அழுதேன்னு. அந்த ஆள வோணாம்னு சொல்ல ஒனுக்கு மனசு வர்ல, அத்தொட்டு அழுத. அப்பவே தெரியும் எனுக்கு. எய்தத்தான் கை வர்ல.

கட்டிக்க. எம் புள்ள போட்டோவ எறக்க மாட்டேன், அத்த மட்டும் அவருகிட்ட சொல்லிட்டேன். எறக்காதீங்கம்மான்னுதான் அவரும் சொன்னாரு. கல்யாணத்த பெரம்பூர் பக்கம் கீற நம்ம புத்த விகாரையில வச்சிக்கலாம். மூணு நாளு லீவு போதும் ஒங்களுக்கு.

ஷாலு ஒங்கூடத்தான் இருக்கணும். அம்மா சத்தத்துக்கு டிவிய கட்டிப் புடிக்கிற கொயந்தய நான் இங்க வச்சிகினா அது பாவம். நீ வந்து அவள இட்டுகினு போறப்ப நானும் கூட வரேன். பாஸ்போட்டுக்கு போட்டோ எட்த்துகினேன், மூஞ்சி கலீஜா விழுந்துகீது. ஒரு மாசமோ ரெண்டு மாசமோ இருந்துட்டு வந்துருவேன். எறா கம்பெனில சொல்லிட்டேன்.

அங்க வந்தா அந்த மிசினாண்ட என்ன ஒரு நாளு இட்டுகினு போ. ஒரு ஓரமா குந்திக்கிறேன். எனுக்கு வெளக்கம் ஒண்ணியும் சொல்ல வோணாம். நீ பாட்டுக்கு அந்தக் கம்பியப் பாத்துகினு இரு. நான் ஒன்னப் பாத்துக்குறேன்.

பட்டம்மாள்